ஐரின் டீச்சர் சுகமானதாக வாசிக்கப்பட்ட ஞாயிறு

பசுமலையில் ஒருவருக்கு மூட்டு வலி வந்தால் அது அவருடைய சொந்த விஷயம் இல்லை. பால்காரர், பக்கத்து வீட்டார், பஸ்ஸில் அருகே உட்காருகிறவர், எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு. வலியை மட்டும் அவரே வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கும் ஐரின் டீச்சருக்கு இந்த ஏற்பாடு சில வருடங்களாக நடந்து வருகிறது. அவருக்குப் பக்கத்து வகுப்பில் கணக்கு எடுக்கிறவள் நான். சர்ச்சிலும் அவருக்குப் பக்கத்து இடம் என்னுடையது. ஆகவே நடந்ததைச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. கிடைத்தாலும் இவ்வளவு கோபத்தோடு சொல்ல மாட்டார்கள்.

முதலில் விரல்கள்தான் மக்கர் பண்ணின. காலையில் எழுந்தால் மடங்காது, மடங்கினால் நிமிராது. அடுத்து முழங்கால், கணுக்கால். அவையெல்லாம் வலித்து முடிவதற்குள் பாதம் மரத்துப்போக ஆரம்பித்தது. ஒரே காலில் மேலே தொட்டால் உயிர் போகும், கீழே குத்தினாலும் தெரியாது. அந்தக் கால் எந்தக் கட்சி என்று அதற்கே தெரியவில்லை.

ஒரு நாள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவருடைய செருப்பில் ஒன்று பஸ்ஸிலேயே தங்கிவிட்டது. டீச்சர் ஒற்றைச் செருப்போடு பள்ளிக்கூடம் வந்து, காலை ஜெபத்தில் நின்று, முதல் பீரியடில் முகலாயர்களைப் பாதி முடித்துவிட்டார். அட்டெண்டர் பேச்சிமுத்து சுற்றறிக்கையோடு வந்து, "டீச்சர், இன்னொரு செருப்ப எங்க விட்டீக?" என்று கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தார். வகுப்பு சிரித்தது. டீச்சரும் சேர்ந்து சிரித்தார். சாயங்காலம் என் ஸ்கூட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தார்.

மறுநாளே அவர் வீட்டுக்காரர் ஜெரால்ட் சார் வார் வைத்த செருப்பு வாங்கி வந்தார். வாரை மாட்ட ஐரின் டீச்சரின் விரலுக்குத் தெம்பில்லை. எனவே தினமும் காலையில் ஜெரால்ட் சார் முட்டி போட்டு உட்கார்ந்து மாட்டிவிடுவார். சேலை மடிப்புக்கு ஊக்கு குத்துவதும் அவர்தான். கல்யாணம் ஆன நாள் முதல் தண்ணீர்கூடத் தானாக மொண்டு குடித்தறியாத மனிதர், மின்வாரியத்தில் கணக்குப் பார்க்கிறவர், ஐம்பது வயதுக்கு மேல் மடிப்பு எடுக்கக் கற்றுக்கொண்டார். எங்கள் ஸ்டாஃப் ரூமில் அவர் வைக்கும் மடிப்புக்குத் தனி மரியாதை உண்டு. அந்த மனிதருக்கு ஒரே குறை, கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் சொன்னதுதான் அவருடைய கருத்து.

பேசுவதற்குத்தான் ஆட்கள் பஞ்சமா! முடக்கத்தான் தோசை சாப்பிடச் சொன்னது பேச்சிமுத்து. ஆட்டுக்கால் சூப் என்றது எதிர்வீடு. "எதிர்வீட்டுப் பேச்சைக் கேக்காதீங்க, பிரண்டைத் துவையல்தான்" என்றது பக்கத்து வீடு. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஓட்டும் அழகுபாண்டியோ ஆராய்ச்சியை எப்போதோ முடித்துவிட்டார். "வாய்வு டீச்சர். மனுசனுக்கு வர்ற அம்புட்டு நோயும் வாய்வுதான். ராத்திரி உருளக்கெழங்க நிப்பாட்டுங்க." உருளைக்கிழங்கை நிறுத்தினார். தோசை, சூப், துவையல் எல்லாவற்றையும் சாப்பிட்டார். வலி இருந்த இடத்திலேயே இருந்தது, எடை மட்டும் ஏறியது. உடனே எல்லாருக்கும் காரணம் கிடைத்துவிட்டது: "வெயிட்டக் கொறைங்க டீச்சர்."

படித்த வைத்தியமும் சளைத்தது இல்லை. எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, எலும்பு அருமையாக இருக்கிறது, நரம்பைப் பாருங்கள் என்றார். நரம்பு டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, சர்க்கரையாக இருக்கும் என்றார். சர்க்கரை டாக்டர் சர்க்கரை இல்லை என்று வருத்தப்பட்டு, வாத டாக்டரிடம் அனுப்பினார். அவர் ரத்தத்தைக் குழாய் குழாயாக எடுத்துப் பார்த்துவிட்டு, "வீட்ல ஏதும் டென்ஷனா?" என்றார். "வலிதான் டென்ஷன்" என்றார் ஐரின் டீச்சர். டாக்டர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்து, எதற்கும் எலும்பு டாக்டரை ஒரு தடவை பார்த்துக்கொள்ளச் சொன்னார். மதுரையில் ரிங் ரோடு போட்டது இதற்காகத்தானோ என்று எனக்குச் சந்தேகம்.

எல்லாரும் கடைசியில் சொன்னது ஒரே வாக்கியம். "ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாததுக்கு இம்புட்டு வலிக்குமா டாக்டர்?" என்று ஒரு தடவை கேட்டேவிட்டார். அந்த டாக்டர் நல்ல மனிதர், சிரித்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

இப்போது பள்ளிக்கூடத்துப் படிக்கட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கட்டடத்தை அந்தக் காலத்தில் மிஷன் துரைமார் கட்டினார்கள். படிகளைத் தங்கள் கால் நீளத்துக்கு அளந்து கட்டிவிட்டுக் கப்பலேறிப் போய்விட்டார்கள். ஏழாம் வகுப்பு மாடியில். ஒரு மத்தியானம் மணியடித்து இறங்கும்போது, பாதம் படியில் பட்டுவிட்டதா இல்லையா என்று தெரியாமல், பட்டுவிட்டது என்று நம்பி அடுத்த காலைத் தூக்கினார் ஐரின் டீச்சர். படவில்லை. உருண்டு வந்து கீழே கிடந்தார். முகவாயில் தையல், முட்டியெல்லாம் சிராய்ப்பு. கழுத்து முறியாதது கடவுள் செயல்.

தலைமையாசிரியர் ஆலன் சார் இரக்கமுள்ளவர், விதிகளுக்கு உட்பட்ட அளவில். கீழ்த்தளத்தில் பழைய கைவேலை அறை காலியாகக் கிடந்தது. அதை ஏழாம் வகுப்புக்கு ஒதுக்கினார்.

"ஆனா டீச்சர், இது ரிப்போர்ட் வர்ற வரைக்கும்தான். எனக்கு நோய்க்கு ஒரு பேர் வேணும். பேரில்லாத நோய்க்கு ரூம் குடுத்தா நாளைக்கு எல்லாரும் கீழ வேணும்பாங்க. மாடிய நான் என்ன செய்யிறது?"

"பேர் கெடைக்கலன்னா சார்?"

"கெடைக்கலன்னா நோய் இல்லன்னு அர்த்தம். நோய் இருந்து படி ஏற முடியலன்னா, விருப்ப ஓய்வுன்னு ஒண்ணு கவர்மெண்ட்ல வச்சிருக்காங்க." இதை அவர் கீழ்த்தளத்தில் இருக்கும் தம் அறையில் உட்கார்ந்து சொன்னார். தலைமையாசிரியர் அறையும் முன்பு மாடியில்தான் இருந்தது. பெற்றோர் வந்து போகும் வசதிக்காக என்று சொல்லி இரண்டு வருடம் முன்பு அவர்தான் கீழே மாற்றினார். பெற்றோர் மேல் அவருக்கு அவ்வளவு கரிசனம் என்று நாங்கள் அப்போது நெகிழ்ந்துபோனோம்.

ஓய்வு என்றதும் ஐரின் டீச்சருக்கு முகம் செத்துவிட்டது. அவர் வகுப்பை விட்டால் என்ன ஆவார் என்று எனக்குத் தெரியும். வீட்டில் இருந்தால் நாள் முழுக்க வலியோடு வலி. வகுப்பில் நாற்பது பிள்ளைகள் கூச்சல் போடும்போது மட்டும்தான் கால் இருப்பதே மறந்துபோகிறது என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். ஆகவே அவருக்கு வேண்டியது சுகம்கூட இல்லை. அந்தக் கைவேலை அறை. அதற்காக நோய்க்கு ஒரு பேர்.

கடைசியாக ஒரு சோதனை பாக்கியிருந்தது. நரம்பில் கரண்ட் வைத்துப் பார்ப்பது. அதற்கு அவரோடு போனது தங்கம் மதினி, ஜெரால்ட் சாரின் அக்கா. சர்ச்சில் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் பொருளாளர். எந்த ஆஸ்பத்திரிக்கும் தம்பி பெண்டாட்டியைத் தனியாக விட்டதில்லை. டாக்டர் கேட்கும் கேள்விக்கெல்லாம் முந்திக்கொண்டு பதில் சொல்வதும் அவர்தான். அவர்களுடைய அம்மா கை கால் விளங்காமல் பல வருடம் படுத்தே கிடந்து போனவர். தங்கம் மதினிதான் எல்லாம் எடுத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டார். அந்தப் பயம் அவருக்கு எலும்பில் இருந்தது. எந்த ஸ்கேனிலும் அது வராது.

கரண்ட் வைத்தார்கள், ஐரின் டீச்சர் துள்ளித் துள்ளி விழுந்தார், ரிசல்ட் வந்தது.

"எல்லாம் நார்மல்" என்றார் டாக்டர்.

ஐரின் டீச்சருக்கு உலகமே இருண்டது. தங்கம் மதினியோ டாக்டர் அறை என்றும் பாராமல் இரண்டு கையையும் தூக்கி, "ஸ்தோத்திரம்!" என்று கத்தி, ஐரினைக் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதார். வெளியே அழகுபாண்டி ஆட்டோவை ஸ்டார்ட் பண்ணும் வரைக்கும் அழுகை ஓயவில்லை. "ஒண்ணுமில்லன்னுட்டாருல்ல! ஏத்தா, நீ படுக்கையில விழமாட்ட! எனக்குத் தெரியும், காணிக்கை போடுறதாப் பொருத்தனை பண்ணியிருந்தேன்!"

"வலிக்குது மதினி."

"அது வாய்வு" என்றார் தங்கம் மதினி. அழகுபாண்டி கண்ணாடியில் தலையாட்டினார்.

எங்கள் சர்ச்சில் ஒரு வழக்கம். நல்லது நடந்தால் காணிக்கைக் கவரில் பணம் போட்டு, மேலே பேரையும் காரணத்தையும் எழுதிக் கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஆயர் வாசிப்பார். பிறந்த நாள், கல்யாண நாள், மகனுக்கு விசா, புது ஃபிரிட்ஜ், திருடு போன பைக் திரும்பக் கிடைத்தது, எல்லாம் வரும். ஒரு தடவை வாசித்துவிட்டால் வாசித்ததுதான். ஃபிரிட்ஜ் மறுநாள் பழுதானால் அதை யாரும் வந்து வாசிக்க மாட்டார்கள்.

அந்த ஞாயிறு ஐரின் டீச்சர் என் பக்கத்தில் உட்கார்ந்து, மரத்த கட்டைவிரலால் பாட்டுப் புத்தகத்தில் ஒரு தாளைப் புரட்ட முடியாமல் மூன்று தாளாகப் புரட்டிக்கொண்டிருந்தார். ஆயர் வாசித்தார்: "திருமதி ஐரின் ஜெரால்ட் அவர்களை நாள்பட்ட மூட்டு நோயிலிருந்தும் கால் மரப்பிலிருந்தும் பூரணமாகச் சுகப்படுத்திய தேவனுக்கு ஸ்தோத்திரமாக, குடும்பத்தார்."

ஐரின் டீச்சர் நிமிர்ந்து, யார் அந்தப் புண்ணியவதி என்று சுற்றிப் பார்த்தார். எல்லாரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் தங்கம் மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஜெரால்ட் சார் ஆண்கள் பக்கத்திலிருந்து மனைவியைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார். கடைசியாகப் பேசியது ஆயர் அல்லவா.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் வாழ்த்துவதற்கு வரிசை. ஒவ்வொருவரும் அவர் கையைப் பிடித்து, இறுக்கி, குலுக்கினார்கள். விரல் சுகமானதைக் கொண்டாட விரலையே நசுக்கினால்தானே மரியாதை! டீச்சர் முகத்தில் வழிந்த கண்ணீரைப் பார்த்து, "பாருங்க, எம்புட்டு சந்தோசம்" என்று ஒரு அம்மா உருகினார். நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். ஐரின் டீச்சர் என் காலை மிதித்தார். மிதித்தது அவருக்குத் தெரிந்ததோ இல்லையோ, எனக்கு நன்றாகத் தெரிந்தது.

ஆலன் சாரும் எங்கள் சபைதான், சபையின் செயலாளர். திங்கட்கிழமை காலை பேச்சிமுத்து கைவேலை அறையிலிருந்து டீச்சரின் மேசையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். ஐரின் டீச்சர் ஆலன் சாரிடம் போனார். துணைக்கு நானும் போனேன்.

"சார், எனக்கு இன்னும் சரியாகல."

"டீச்சர், ரிப்போர்ட்டும் நார்மல். சபையிலயும் வாசிச்சாச்சு. கர்த்தர் சுகம் குடுத்தப்பறமும் கீழயே உக்காந்திருந்தா அது விசுவாசக் குறைச்சல் ஆயிராதா?"

"அப்ப டாக்டருக்கும் தெரியாது, டீச்சருக்கும் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியுமா சார்?" என்றேன் நான்.

"எஸ்தர் டீச்சர், உங்களுக்கு இப்ப எய்ட்த் பி பீரியட் இல்ல?" என்றார் அவர்.

அன்று முதல் ஐரின் டீச்சர் மாடி ஏறினார். கைப்பிடிச் சுவரை இரண்டு கையாலும் பற்றி, ஒவ்வொரு படியிலும் காலைக் கண்ணால் பார்த்து வைத்து. காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். மத்தியானச் சாப்பாடு மாடியில். பாத்ரூம் கீழே இருக்கிறது என்பதால் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்.

ஆயரிடமாவது சொல்லிப் பார்க்கலாம் என்று ஒரு நாள் போனோம். அவர் பரிவாகத்தான் கேட்டார். "ஆகலன்னு சொல்லாதீங்கம்மா. ஆயிருச்சுன்னு சொல்லுங்க. வாயில எது வருதோ அதுதான் நடக்கும். அறுப்பின் பண்டிகை வருதுல்ல, அன்னைக்கு நீங்க சாட்சி சொல்றீங்க. நான் உங்க பேரப் போட்டுட்டேன்."

"நான் என்னத்தச் சொல்றது ஐயா?"

"நடந்ததச் சொல்லுங்க, போதும்" என்றார் ஆயர். நல்ல யோசனை, பின்னாலே அவரே வருத்தப்பட்டிருப்பார்.

அறுப்பின் பண்டிகை என்றால் எங்கள் சர்ச் ஒரு நாள் மார்க்கெட் ஆகிவிடும். வாழைத்தார், பூசணி, கரும்புக்கட்டு, சோழவந்தானிலிருந்து வந்த வெற்றிலைக் கவுளி, காலைக் கட்டிப் போட்ட சேவல், எல்லாம் பீடத்துக்கு முன்னால் குவிந்து கிடக்கும். ஆராதனை முடிந்ததும் ஏலம், ஏலம் முடிந்ததும் பிரியாணி. நடுவில் சாட்சி. சாட்சி சொல்கிறவர்களை ஜனங்கள் ஒரு கண்ணாலும் சேவலை ஒரு கண்ணாலும் பார்ப்பார்கள்.

முதலில் ஒருவர் கிட்னிக் கல் கரைந்ததைச் சொன்னார். "ஸ்தோத்திரம்" என்றது சபை. அடுத்து ஒருவர் மகளுக்கு மாப்பிள்ளை அமைந்ததைச் சொன்னார். "ஸ்தோத்திரம்" என்றது சபை. பிறகு ஐரின் டீச்சர்.

பீடத்துப் படியில் ஏறி வரச் சொன்னார் ஆயர். டீச்சர் ஏறவில்லை. பூசணிகளுக்குப் பக்கத்தில் கீழேயே நின்றார். மைக்கைக் கொடுத்தார்கள். அது விரலில் நிற்காமல் நழுவியது. ஜெரால்ட் சார் ஆண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்து, மைக்கை எடுத்து அவர் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டார். கூட்டத்தில் யாரையும் அவர் பார்க்கவில்லை. மனைவியை மட்டும் பார்த்தார்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம்" என்றார் ஐரின் டீச்சர். "எனக்குச் சுகமாகல."

"ஸ்தோத்திரம்!" என்றது சபை.

பழக்கதோஷம். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவர்களுக்கே உறைத்தது. சேவல் மட்டும் கொக்கரித்தது.

"பரவால்ல, நீங்க பழக்கத்துல சொல்லிட்டீங்க" என்றார் டீச்சர். வகுப்பில் பிள்ளைகள் தப்பாகப் பதில் சொன்னால் பேசும் அதே குரல். "ரிப்போர்ட்ல ஒண்ணுமில்லன்னு வந்துச்சு. ரிப்போர்ட் சுகமாத்தான் இருக்கு. நான் இல்ல. காலையில விரல மடக்குறதுக்குள்ள அழுதுருவேன். பாதம் தரையில இருக்கா இல்லையான்னு குனிஞ்சு பாத்துத்தான் நடக்குறேன். எங்க மதினி பொய் சொல்லல. டாக்டர் சொன்னத நம்புனாங்க. டாக்டரும் பொய் சொல்லல, அவருக்குத் தெரியல. எனக்கு வலிக்குதுன்னு நான் சொல்றத மட்டும் யாரும் கணக்குல எடுக்கல, அம்புட்டுதான். நீங்க எல்லாரும் எனக்காக ஜெபம் பண்ணுங்க, வேணாங்கல. கர்த்தர் தரும்போது தரட்டும். அதுவரைக்கும் ஆலன் சாரு அந்தக் கைவேலை ரூமக் குடுத்தாருன்னா நல்லாருக்கும்."

யாரோ ஒரு ஆள் வாய்விட்டுச் சிரித்தார். அது பரவிச் சபை முழுக்கச் சிரித்தது. ஆலன் சாரும் சிரிக்க வேண்டியதாயிற்று. ஆயர் அவசரமாக ஒரு கீர்த்தனையை ஆரம்பித்தார். தங்கம் மதினி பாடவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு, ஏலத்துக்கும் நிற்காமல், பிரியாணிக்கும் நிற்காமல் வெளியே போய்விட்டார். எங்கள் சபை சரித்திரத்தில் பிரியாணிக்கு நிற்காமல் போனது அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

பந்தியில் நானும் ஐரின் டீச்சரும் தனியாக உட்கார்ந்தோம். இனி இந்தப் பக்கம் எவரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். முதலில் வந்தது ஆயரம்மா. ரைத்தா ஊற்றுகிற சாக்கில் குனிந்து, "எனக்கும் இடுப்பு அப்பிடியேதான் இருக்கு டீச்சர். ரெண்டு தடவ வாசிச்சாச்சு" என்று காதில் சொல்லிவிட்டுப் போனார். அடுத்து, சென்ற வருடம் தோள் வலி தீர்ந்ததாக வாசிக்கப்பட்டவர் வந்து, மேசைக்கு அந்தப் பக்கம் நின்று தோளைத் தூக்கிக் காட்டினார். பாதிதான் தூக்க முடிந்தது. சாட்சி சொன்ன கிட்னிக்காரர்கூட வந்து, கல் கரைந்தது உண்மைதான், ஆனால் இன்னொன்று இருக்கிறதாம் என்றார். சுகமானவர்கள் எல்லாரும் நோயாளிகளாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள்.

கடைசியில் ஆலன் சார். பேப்பர் தட்டோடு வந்து, நாற்காலியின் முதுகை ஒரு கையால் பிடித்து, எதிர்வரிசையில் மெல்ல, மெல்ல உட்கார்ந்தார். உட்கார்ந்து முடித்ததும் ஒரு பெருமூச்சு வந்தது. கொஞ்ச நேரம் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"டீச்சர், காலையில எந்திரிக்கும்போது உங்களுக்கு மொதல்ல பிடிக்கிறது முழங்காலா, கணுக்காலா?"

"முழங்கால் சார். ஏன்?"

"சும்மா கேட்டேன்" என்றார்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இவருக்குத் தனக்கு வந்தும் அடுத்தவர் வலி தெரியாமல் இருந்திருக்கிறது. இரண்டு வருடம் முன்பு பெற்றோர் வசதிக்காக அவர் அறை ஏன் கீழே இறங்கியது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அதை அங்கேயே கேட்டுவிட என் நாக்கு துடித்தது. இந்தத் தடவை ஐரின் டீச்சர் காலை மிதிப்பதற்கு முன்பே நான் இழுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை பேச்சிமுத்து மேசையைத் திரும்பக் கீழே இறக்கினார். "ஏத்தி எறக்கி என் இடுப்பு போச்சு டீச்சர், எனக்கும் ஒரு ரூம் கேளுங்க" என்றார். நோய்க்குப் பேர் என்ன என்று ஆலன் சார் கேட்கவில்லை. ஏழாம் வகுப்பு கீழே வந்தது மாணவர் நலன் கருதி என்று கூட்டத்தில் அறிவித்தார். கருதட்டும். ஐரின் டீச்சர் அன்று மத்தியானம் ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

வலி போகவில்லை. மரப்பும் போகவில்லை. போன மாதம் இன்னொரு புது டாக்டர் பார்த்தார். அவர் மட்டும் கொஞ்சம் யோசித்து, "எனக்குப் புரியலம்மா, ஆனா இருக்குன்னு தெரியுது" என்றார். அந்த வார்த்தைக்காகவே டீச்சர் அவரிடம் தொடர்ந்து போகிறார்.

தங்கம் மதினி பல வாரம் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நான் அங்கே காபி குடித்துக்கொண்டிருந்தபோது வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து காணிக்கைக் கவரை எடுத்து மேசைமேல் வைத்தார். பேனாவைத் திறந்தார்.

"ரூம் கெடச்சதுக்கு ஒண்ணு குடுக்கணும்ல. காரணம் என்னன்னு போடட்டும்? நீயே சொல்லு. நீ சொல்றத மட்டுந்தான் எழுதுவேன்."

ஐரின் டீச்சர் கவரைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். அப்புறம், "கீழ ரூம் கெடச்சதுக்குன்னு போடுங்க மதினி. அது போதும்" என்றார்.

"காலு?"

"காலு அப்பிடியேதான் இருக்கு."

தங்கம் மதினி பேனாவைப் பிடித்தபடியே ஐரினின் பாதத்தைப் பார்த்தார். "எங்கம்மா மாதிரி ஆயிருவியோன்னுதான்..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. ஐரின் டீச்சர் எழுந்து போய் அவருக்கும் காபி கொண்டுவந்தார். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் கொண்டுவந்தார். தங்கம் மதினி பாதி வழியிலேயே எழுந்து போய் அதை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் ஆயர் வாசித்தார். கவரில் இருந்ததை மட்டும் வாசித்தார், ஒரு சொல் கூட்டவில்லை. பூரணம் கீரணம் எதுவும் இல்லை. வெளியே வந்ததும் வழக்கம்போல வாழ்த்த வரிசை கட்டினார்கள். முதல் ஆள் கையை நீட்டிக்கொண்டு வந்தார். தங்கம் மதினி நடுவில் புகுந்து நின்றார்.

"கையைப் பிடிக்காதீங்க" என்றார். "அவளுக்கு வலிக்கும்."